மாசாணி சொன்ன இரண்டு எழுத்து

கையில் வெட்டுக்கத்தி, முகத்தில் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் பஞ்சுக் குடோனின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டைக் கத்தியாலேயே சுட்டிக் காட்டி, எங்கள் ஊர் நாட்டாமையைப் பிரியமாகப் பார்த்து அந்தப் பெண் சொன்னாள்:

“சா பா.”

நாட்டாமை வீரணன் ஆறடி ஆள். ஒரே எட்டில் மூன்றடி பின்னால் போனார். அங்கே மாட்டுத் தொட்டி இருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே உள்ளே போய்விட்டார். கழுநீர் என் சேலை வரை தெறித்தது.

அவள் பதறிப்போய், கத்தியைக் கீழே போடவும் மறந்து, தூக்கிவிட ஓடி வந்தாள். “சா பா! சா பா!”

“டீச்சரம்மா! என்ன சொல்றா இவ? என்னயச் சாகச் சொல்றாளா?” என்று தொட்டிக்குள்ளிருந்து அலறினார் நாட்டாமை.

டீச்சரம்மா நான்தான். வயது இருபத்திரண்டு. காமயகவுண்டன்பட்டியில் பர்மா பாஷை தெரிந்த ஒரே ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன். பர்மா பாஷையில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பெயர் வாங்கிய விதம்

ஊருக்குப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்ததையும், முதல் நாள் நான் ஒருத்தி மட்டும் அதில் உட்கார்ந்திருந்ததையும் சென்ற வாரங்களில் எழுதிவிட்டேன். இது அதற்கு அடுத்த வருஷம். யுத்தக் காலம். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான். அங்கே பிழைக்கப் போன நம் ஜனங்கள் கப்பலுக்கு வழியில்லாமல் காட்டிலும் மலையிலும் நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து பர்மா போனது ஒரே ஆள், செல்லையா. மீசை முளைக்கும் முன்பே போனவர். மாந்தலேயில் மோட்டார் பட்டறை வேலை, பர்மாக்காரப் பெண்ணோடு கல்யாணம் என்று எப்போதோ ஒரு கடுதாசி வந்ததாம். இப்போது வந்த கடுதாசியில் இருவரும் மணிப்பூர் வழியாக நடந்து கல்கத்தா சேர்ந்துவிட்டதாகவும், ஊருக்கு வருவதாகவும் எழுதியிருந்தார்.

செல்லையாவின் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். பிற தேசத்துக்காரியை உள்ளே விட்டால் தன் மகளை எவன் கட்டுவான் என்று கேட்டாராம். அந்த மகளுக்கு அப்போது நாலு வயது.

நாட்டாமைக்கு ரோஷம் வந்தது. “நம்ம ஊருப் பய நடந்தே வந்திருக்கான். தெருவுலயா நிக்க வைக்கிறது? நம்ம பஞ்சுக் குடோன் சும்மாத்தான கெடக்கு, அங்கன இருக்கட்டும்” என்றார். ‘அகதிகள் வரவேற்புக் கமிட்டி’ ஒன்றும் போட்டார். தலைவர் அவர். உறுப்பினர் மொக்கராசு. மொக்கராசு நாட்டாமையின் தோட்டத்துக் காவல்காரர். நாட்டாமை சொல்வதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது அவருடைய உபதொழில்.

“அந்தப் பொம்பளைக்குத் தமிழ் தெரியாதாமே. அவ பாசை யாருக்குத் தெரியும்?” என்று மொக்கராசு கேட்டார். அவர் வாழ்நாளில் சொந்தமாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

நாட்டாமை யோசித்தார். “டீச்சரம்மா இங்கிலீசு படிச்சவுக. பர்மாவ ஆண்டவன் யாரு? வெள்ளக்காரன். அப்ப பர்மா பாசை டீச்சரம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?”

“தெரியாமலா இருக்கும்?” என்றார் மொக்கராசு.

அந்த ஊரில் அதுவரை என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி, எப்போது கல்யாணம் என்பதுதான். முதல்முறையாகப் படிப்புக்காக ஒருவர் மதிக்கிறார். “கொஞ்சம் கொஞ்சம் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். செய்தது தப்புத்தான். இருபத்திரண்டு வயதில் உங்களை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் தெரியும்.

மாலை யாருக்கு?

அவர்கள் வந்து இறங்கிய நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பக்கம் நீளுகிறது என்று பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய சமயம். பின்பக்கம் அடுப்பு மாதிரி ஒரு பெரிய பீப்பாய் கட்டியிருக்கும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கியவன்தான் தள்ள வேண்டும் என்பதால், ஏறாமல் நடப்பதே மேல் என்று பலர் நடந்தார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் ‘நல்வரவு’ என்று நான் சுண்ணாம்பில் எழுதிய தட்டி. ஒரு நாயனம், ஒரு மேளம். அகதி என்றால் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. முன்வாசல் வழியாக, உடம்பெல்லாம் கரியும் கையில் கிழிந்த குடையுமாக ஒருவர் இறங்கினார். நாட்டாமைக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையைப் போட்டுக் கட்டிப்பிடித்து, “நீ பட்ட பாடெல்லாம் இன்னையோட தீந்துச்சுப்பா” என்றார்.

அவர் உத்தமபாளையத்து ஆட்டுத் தரகர். காலையில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவரும் அழுதுவிட்டார்.

நிஜ அகதிகள் இரண்டு பேரும் அப்போது பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளி முடித்து முன்னால் வந்து, கூட்டத்தில் நின்று கை தட்டினார்கள். யாருக்கு வரவேற்பு என்று செல்லையா கேட்டது மொக்கராசிடம்தான். “பர்மாவுல இருந்து செல்லையான்னு ஒருத்தரு வந்திருக்காக” என்று மொக்கராசு பெருமையாகச் சொன்னார்.

ஆட்டுத் தரகர் மாலையைத் திருப்பித் தரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மா சான். ஒரு நாளில் அது மாசாணியாகிவிட்டது. உக்கிரமான தெய்வத்தின் பேர் ஆயிற்றே என்று யாரும் அப்போது நினைக்கவில்லை.

ஆயுதத்தால் கண்டம்

செல்லையாவுக்குக் கம்பத்தில் பஸ் ஷெட்டில் மெக்கானிக் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் ‘மொழிபெயர்ப்பு’ என் பொறுப்பு. அவள் எதையாவது சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். நான் எதையாவது சொல்வேன், அவள் சிரிப்பாள். இருவருக்கும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. செல்லையாவிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

இதற்கு நடுவில் நாட்டாமைக்கு ஒரு சொந்தச் சிக்கல் இருந்தது. அறுபதாவது வயதில் ஆயுதத்தால் கண்டம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சவரம் கிடையாது, கத்தி ஆயுதம்தானே. தாடி நெஞ்சு வரை வந்துவிட்டது. அவர் இருக்கும் இடத்தில் அவர் மனைவி சின்னத்தாய் கத்திரிக்காய்கூட நறுக்கக் கூடாது. ஒரு மாதம் முழுசாகவே வேகவைத்துப் போட்டாராம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், குடோன் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு மத்தியானம் என்னையும் மொக்கராசையும் கூட்டிக்கொண்டு போனார். மாசாணி உள்ளே வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் சத்தம் கேட்டுக் கத்தியோடு எழுந்து வந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னது.

“சாமி, பாருங்க”

தொட்டியிலிருந்து நாட்டாமை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“அது வந்துங்க... சா-ன்னா சாமி. பா-ன்னா பாருங்க. ‘சாமி, பாத்து வாங்க’ன்னு சொல்றாங்க. பின்னால தொட்டி இருக்குல்ல, அதுக்குத்தான்.”

“அத விழுகுறதுக்கு முன்னாடி சொல்லப்படாதா?”

“முன்னாடியும்தான் சொன்னாங்க.”

நாட்டாமை யோசித்துப் பார்த்தார். “ஆமா, சொன்னா” என்றார்.

“சொன்னா” என்றார் மொக்கராசு.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மாசாணி குடோனுக்குப் பின்னால் நாட்டாமையின் செவலைக் காளைக்கு வாழைத்தண்டுப் பட்டையைப் போட்டிருக்கிறாள். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற மொக்கராசுக்குப் பட்டை தெரியவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. “சா... சா... சா...” சாயங்காலம் காளை வயிறு உப்பிப் படுத்துவிட்டது. முதல் நாள் கட்டு அறுத்துக்கொண்டு போய் ஈரச் சோளத்தட்டையை மேய்ந்த காளை அது. அந்தச் சங்கதி யாருக்கும் ஞாபகம் இல்லை.

“மாட்டப் போயி எவளாச்சும் சாமிம்பாளா?” என்று நாட்டாமை என்னிடம் கேட்டார்.

“நந்தி சாமி இல்லையா?” என்றேன்.

“சரி. பாருங்க எங்க போச்சு? வெறும் சா மட்டும்தான் சொல்லியிருக்கா.”

நோட்டுத் திருத்த வேண்டும் என்று நழுவிவிட்டேன்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. பேரே மாசாணி, கையில் கத்தி, வாயில் சா; இனியும் சாட்சி வேண்டுமா என்றார்கள். நம் பாஷை தெரியாதவள் நம்மோடு எப்படி ஒட்டுவாள் என்றும் பேச்சு வந்தது. அந்த நேரம் வெளியே மாடு ஒன்று கயிற்றை இழுத்தது. நாட்டாமை திரும்பி அதைக் கன்னடத்தில் நாலு அதட்டு அதட்டிவிட்டு, மறுபடி தமிழில் பேச்சைத் தொடர்ந்தார். அவருடைய முப்பாட்டன்மார் கன்னட நாட்டிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியபோது யார் அவர்களுக்கு மொழிபெயர்த்தார்களோ தெரியாது. இதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுவது சுலபம்.

“ஞாயித்துக்கெழம செல்லையா வர்றப்ப மூட்ட முடிச்சு ரெடியா இருக்கணும். நாளைக்கே போயிச் சொல்லிருவோம். டீச்சரம்மா, நீங்க அவ பாசையிலயே சொல்லிருங்க. பாவம், நம்ம பாசையில சொன்னா வெளங்காது” என்று முடித்தார் நாட்டாமை. இரக்கமுள்ள மனிதர்.

அன்று சாயங்காலம் நான் மட்டும் தனியாகக் குடோனுக்குப் போனேன். மாசாணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் ஓரத்தைக் காட்டினாள். ஒரு முழ அகலத்தில் பாத்தி கட்டி விதை ஊன்றியிருந்தாள். புளிச்சக்கீரை. அவளுடைய ஊரிலும் அது உண்டு போலிருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் பார்த்ததும் குதித்தாள் என்று செல்லையா சொல்லியிருந்தார். நாலு முளை வந்திருந்தது. அதன் பக்கத்தில் அவள் குந்தி உட்கார்ந்தபோது பாதங்களைப் பார்த்தேன். வெடிப்பும் தழும்புமாக, பாதம் என்று சொல்ல முடியாத பாதம். அவ்வளவு தூரம் நடந்தவளை மறுபடி நடக்கச் சொல்லப் போகிறோம். எனக்குப் பாஷை தெரியாது என்று அப்போதே போய்ச் சொல்லியிருந்தால், செல்லையா வந்து விளக்கும்வரை பொறுத்திருப்பார்கள். மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பூகோளப் பாடம்

வெள்ளிக்கிழமை உச்சிவேளை. நாட்டாமை, மொக்கராசு, வேடிக்கை பார்க்கச் சின்னத்தாய், இன்னும் ஏழெட்டுப் பேர். குடோன் வாசலில் மாசாணி எங்களைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

“சொல்லுங்க டீச்சரம்மா” என்றார் நாட்டாமை.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பர்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது நாலாம் வகுப்புப் பூகோளத்தில் ஒரே ஒரு பாரா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஆரம்பித்தேன்.

“ரங்கூன்! அக்யாப்! பசேன்!”

அவள் விழித்தாள்.

“புரோம், பெகு... ஐராவதி!” குரலை உயர்த்தினேன். “மோல்மேன்! தேக்கு, அரிசி!”

“நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்றாக” என்று நாட்டாமை முணுமுணுத்தார்.

“மாந்தலே!”

மாசாணி இரண்டடி முன்னால் வந்தாள். “மாந்தலே?” என்றாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “மாந்தலே!” சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அந்த ஒரு பேரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

“வெளங்கிருச்சு. பாவம்” என்று நாட்டாமை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்” என்றார் மொக்கராசு. இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார்.

மாசாணி மூக்கைச் சிந்திவிட்டு, விரலை நீட்டி எங்களை எண்ணினாள். உள்ளே ஓடினாள். மூட்டை கட்டப் போகிறாள் என்று நினைத்தோம். அரைமணி நேரம் கழித்து வாழை இலைக் கட்டோடும், ஆவி பறக்கும் சோற்றுப் பானையோடும் வந்தாள். வரிசையாக இலை போட்டாள். சோறும், வாய்க்கால் ஓரத்தில் பறித்த புளிச்சக்கீரையில் குழம்பும் வைத்தாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, குனிந்து, சொன்னாள்:

“சா பா. சா பா. சா பா.”

ஒருவரும் நகரவில்லை. மொக்கராசு மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

மிச்சப் பாதி

சின்னத்தாய் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஏய், என்ன செய்யிற?” என்றார் நாட்டாமை.

“நாப்பது வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டே இருக்கேன். இன்னைக்கித்தான் ஒருத்தி எனக்கு எல போட்டிருக்கா. செத்தாலும் தின்னுட்டுச் சாகுறேன்.”

ஒரு கவளம் உள்ளே போயிற்று. எல்லோரும் அவருடைய தொண்டையைப் பார்த்தோம்.

“புளிப்புத் தூக்கல். உப்புக் கம்மி” என்றார் சின்னத்தாய்.

மாசாணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஐந்து விரலையும் குவித்துத் தன் வாயருகே கொண்டுபோய், “சா, சா” என்றாள். சின்னத்தாயின் இரண்டாவது கவளம் பாதி வழியில் நின்றது.

“அட கூறு கெட்டவங்களா! இவ சாப்பிடச் சொல்றா! சாப்பிடுன்னா சா-ன்னுதான ஆரம்பிக்குது? மிச்சப் பாதிய முழுங்கிட்டா, அம்புட்டுத்தான்!”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் சோறு தின்பார்கள், கஞ்சி குடிப்பார்கள். ‘சாப்பிடு’ என்று நாளைக்கு நாலு தடவை சொல்லுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்துத் திருத்தியதும் அந்த வார்த்தைக்காகத்தான். (பர்மா பாஷையிலேயே ‘சா பா’ என்றால் ‘சாப்பிடுங்கள்’தான் என்பது பின்னால் செல்லையா சொல்லித் தெரிந்தது.)

“எனக்குப் பர்மா பாஷை தெரியாதுங்க” என்றேன்.

“தெரியாதா? அப்ப அந்தப் புள்ளய எப்படி அழ வச்சீக?” என்றார் நாட்டாமை.

“நாலாங் கிளாசுப் பூகோளம்ங்க. ஊர்ப் பேரா ஒப்பிச்சேன்.”

நாட்டாமை தாடியை உருவினார். “அப்ப, காலி பண்ணச் சொல்லி நீங்க சொல்லவே இல்ல?”

“இல்லைங்க.”

“நல்லதாப் போச்சு” என்று சின்னத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏலே மொக்கராசு, மரத்துக்குப் பின்னால என்னடா பண்ற? எலயில சோறு ஆறுது.”

மொக்கராசு மூன்று தடவை சோறு வாங்கினார். கடைசியில் பானையை மாசாணி கவிழ்த்துக் காட்டிச் சிரித்தபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை செல்லையா வரும்வரை அவளுக்கு என்று இருந்த அரிசி அவ்வளவும் அது. சாயங்காலத்துக்குள் நாட்டாமை வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் போயிற்று. அதைச் சுமந்தது மொக்கராசு.

என்ன விசேஷம்?

ஞாயிற்றுக்கிழமை செல்லையா வந்தார். வந்ததும் குளித்துவிட்டு, மனைவியோடு நாட்டாமை வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். மாசாணி ஏதோ ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செல்லையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வெள்ளிக்கெழம ஊரே எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்துச்சுன்னு சொல்றா. டீச்சரம்மா அவ ஊருப் பக்கத்துப் பேரெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லி விசாரிச்சாகளாம். அங்கன கெளம்புனதுல இருந்து, நீ எந்த ஊருன்னு அவகிட்ட ஒருத்தருமே கேக்கலிங்க. ரெண்டு நாளா இதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தாளாம். என்ன விசேசம்னு கேக்கச் சொல்றா.”

மொக்கராசு நாட்டாமையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“விசேசம் ஒண்ணுமில்லப்பா. புதுசாக் குடி வந்தவுக வீட்டுல ஊருல உள்ளவுக வந்து தின்னுட்டுப் போறது இங்கன வழக்கம். நீ சின்ன வயசுலயே போயிட்ட, மறந்திருப்ப” என்றார் நாட்டாமை.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் கிடையாது. செல்லையா அதை அவளுக்குச் சொன்னார். அவள் மிகவும் நல்ல வழக்கம் என்று சொன்னதாகத் திருப்பி எங்களுக்கும் சொன்னார்.

மாசாணி முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்தாள். அவளை ஊரைவிட்டுப் போகச் சொல்ல ஒரு கமிட்டியே போனது அவளுக்குக் கடைசி வரை தெரியாது. அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு மட்டும் பர்மா பாஷை தெரிந்திருந்தால், அவள் அந்த வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டியிருப்பாள்.